ஒரே பாறை மீது இரு பார்வை

2022 செப்டம்பர் 26. பூமியிலிருந்து சுமார் 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவில், 160 மீட்டர் அகலமே உள்ள டைமார்ஃபஸ் என்ற விண்பாறை மீது நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதியது. வேகம், மணிக்கு ஏறக்குறைய 22,500 கிலோமீட்டர். என்றாவது ஒரு பாறை பூமியை நோக்கி வந்தால் அதைத் தள்ளிவிட முடியுமா என்று பார்க்க நடந்த முதல் ஒத்திகை இது. அதைப் படம்பிடிக்க ஹபிள், ஜேம்ஸ் வெப் என்ற இரு விண்வெளித் தொலைநோக்கிகளும் ஒருசேரத் திருப்பப்பட்டன. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே இலக்கைப் பார்த்தது அதுவே முதல் முறை.

வெப்புக்கு இது லேசான வேலையல்ல. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, தொலைதூர விண்மீன் மண்டலங்களை ஆடாமல் அசையாமல் உற்றுநோக்கவே பெரிதும் வடிவமைக்கப்பட்ட கருவி அது. டைமார்ஃபஸோ, வெப்புக்கு முதலில் வகுத்திருந்த வேக வரம்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக வானில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இலக்கைத் துரத்த, வழிகாட்டி விண்மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் பிம்பம் வழிகாட்டிக் கேமராவில் கணக்கிட்ட வேகத்தில் நகரும்படி மொத்தத் தொலைநோக்கியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் படத்தில் பாறை நிற்கும், விண்மீன்கள் கோடாக இழுபடும். மோதலுக்கு முந்தைய வாரங்களில் வெப் குழுவினர் இதைச் சோதித்துச் சோதித்துத் தயாரானார்கள்.

பலன் கிடைத்தது. ஐந்து மணி நேரத்தில் வெப் 10 படங்களை எடுத்தது. இறுகிய மையத்திலிருந்து புகை இழைகள்போல் தூசி பீறிடுவது அகச்சிவப்பு ஒளியில் தெரிந்தது. கட்புலனாகும் ஒளியில் பார்த்த ஹபிள், மோதலுக்கு முன்பும், மோதி 15 நிமிடம் கழித்துத் தொடங்கியும் 45 படங்கள் எடுத்தது. பாறை மூன்று மடங்கு பிரகாசமாகியிருந்தது. எட்டு மணி நேரம் கழித்தும் அது மங்கவில்லை.

ஒரே தொலைநோக்கியை மட்டும் நம்பியிருந்தால் கதையில் பாதிதான் கிடைத்திருக்கும். சிதறியது பொடித்தூசியா, பெரிய கற்களா என்பதை அறிய வெவ்வேறு அலைநீளங்களில் பார்த்தாக வேண்டும். வெப் தொடக்க மணி நேரங்களைப் பதிவு செய்தது. ஹபிள் வாரக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து, தூசிவால் இரண்டாகப் பிரிந்ததைக் கண்டது. அந்த டிசம்பரில் அது எடுத்த படங்களில் 37 பாறைத்துண்டுகள் மெல்ல விலகிப் போவதும் தெரிந்தது. மனிதர் நடக்கும் வேகம்கூட அவற்றுக்கு இல்லை!

வெப்பின் அகச்சிவப்புப் பார்வை 2025இல் மீண்டும் கைகொடுத்தது. 2032இல் பூமியில் மோதக்கூடும் என்று சில வாரங்கள் கவலைப்பட வைத்த 2024 ஒய்ஆர்4 பாறையின் அளவு அப்போது சரிவரத் தெரியவில்லை. கரிய பெரிய பாறையும் வெளிறிய சிறிய பாறையும் சாதாரண ஒளியில் ஒரே மாதிரி மின்னும். வெப் அதன் வெப்பத்தை அளந்து, சுமார் 60 மீட்டர் என்று சொன்னது.

டைமார்ஃபஸ் தன் தாய்ப்பாறையைச் சுற்றிவரும் காலம் மோதலால் 32 நிமிடம் குறைந்தது என்பதைத் தரையிலுள்ள தொலைநோக்கிகள் உறுதிசெய்துவிட்டன. ஆனால் அதன் எடையைத் தொலைவிலிருந்து துல்லியமாக அளக்க வழியில்லை. எடை தெரியாமல் அந்த ஒரு தள்ளலின் முழுப் பலத்தைக் கணக்கிட முடியாது. அதை அளக்கத்தான் ஐரோப்பாவின் ஹீரா விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பியது. 2026 இறுதியில் அங்கே சேர்வது திட்டம்.