கண் விழிக்காத மடிக்கணினி

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அப்படி அண்ணனோ அக்காவோ வாங்கிவந்த கணினி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் கிடக்கலாம். அதை எடுத்துத் தூசி தட்டிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஓசையும் இல்லை, ஒளியும் இல்லை! "இது போய்விட்டது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்" என்கிறார்கள் வீட்டில். சற்றுப் பொறுங்கள். அது உண்மையிலேயே போய்விட்டதா, எங்கேனும் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறதா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. கணினி எந்த வேலையைச் செய்யவும் ஒரு நிரல் வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருளை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு வேலைதானே? அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலைக் கொண்டுவருவது யார்? தன் காலணியின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ள முயல்வதைப் போன்ற வேடிக்கை இது. கணினி விழித்தெழுவதை 'பூட்' என்று சொல்வது இந்தக் காலணி வாரை வைத்துத்தான்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி எளிமையானது. மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சில்லில் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்துவிட்டார்கள். பழைய கணினிகளில் இதற்கு 'பயாஸ்' என்று பெயர். மின்சாரம் வந்ததும் செயலி இந்த நிரலைத்தான் முதலில் படிக்கிறது. நிரல் நினைவகத்தைச் சோதிக்கிறது, திரையை உயிர்ப்பிக்கிறது, பிறகு வன்தட்டில் இயக்க மென்பொருளைத் தேடிப் பிடித்துப் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது.

ஆக, இது ஒரு தொடரோட்டம். மின்சாரம், சில்லு நிரல், நினைவகம், திரை, வன்தட்டு என்று கோல் கை மாறிச் செல்கிறது. கோல் யார் கையில் நின்றது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

தொடங்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். மடிக்கணினியை மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா? விசைப்பலகை மேடிட்டிருக்கிறதா? அப்படியானால் உள்ளே லித்தியம் பாட்டரி உப்பியிருக்கலாம். அதற்கு மின்னேற்றக் கூடாது, அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். பெரியவர்களிடம் சொல்லிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அடுத்து, சார்ஜரை ஒருபோதும் பிரிக்காதீர்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கி நிற்கக்கூடும்.

இனி முதல் ஓட்டக்காரர், மின்சாரம். சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரும்பாலும் 19 வோல்ட் அல்லது அதை ஒட்டிய அளவு இருக்கும். உங்கள் ஆசிரியரின் உதவியுடன் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். அளவு வரவில்லையென்றால், மடங்கி மடங்கி வயர் உள்ளே அறுந்திருக்கலாம். அளவு சரியென்றால், பாட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் இயக்கிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி பாட்டரிதான். பல ஆண்டுகள் சும்மா கிடந்த பாட்டரி மிகவும் இறங்கிப்போனால், அதிலுள்ள காப்புச் சுற்று மறுபடி மின்னேற்ற இடம் கொடுப்பதில்லை.

அப்போதும் எழவில்லையா? சார்ஜரையும் பாட்டரியையும் எடுத்துவிட்டு, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி இயக்குங்கள். இது மந்திரம் அன்று. மின்பலகையிலுள்ள மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு அரைகுறை நிலையில் சிக்கிக்கொள்வதுண்டு. மின்னூட்டம் வடிந்தால் அது புதிதாகத் தொடங்கும். பாட்டரி உட்புறம் இருந்தால், விவரம் தெரிந்தவர் துணையின்றிப் பின்மூடியைத் திறக்க வேண்டாம்.

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு. இப்போது என்ன செய்வது? அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகத் திரையில் பாய்ச்சுங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் கணினி விழித்துவிட்டது. திரையின் பின்னொளிதான் கெட்டிருக்கிறது. வேறொரு திரையை இணைத்தும் இதை உறுதிசெய்யலாம்.

ஒன்றுமே தெரியாமல் 'பீப், பீப்' என்று ஒலிக்கிறதா? அந்த ஒலிகளை எண்ணுங்கள். திரை இன்னும் எழாத நிலையில் சில்லு நிரல் பேசும் மொழி அது. கணினியின் கையேட்டில் அதற்குப் பொருள் இருக்கும். பலமுறை அது நினைவகத்தைக் குறிக்கும். மின்தொடர்பையும் பாட்டரியையும் நீக்கியபின், நினைவகப் பலகையைக் கழற்றி மீண்டும் ஒழுங்காகப் பொருத்தினாலே சில கணினிகள் எழுந்துவிடும். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

நிறுவனத்தின் சின்னம் தோன்றி, "இயக்க மென்பொருள் இல்லை" என்ற செய்தி வந்தால் மகிழுங்கள்! முதல் நான்கு ஓட்டக்காரர்களும் நலம். ஐந்தாமவரான வன்தட்டில்தான் கோளாறு. அதிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை வந்தால் மேலும் மேலும் இயக்காதீர்கள். தட்டில் உள்ள பதிவுகள் கெடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கணினி எழாவிட்டாலும் வன்தட்டு நலமாக இருக்கலாம். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் பொருத்தி, வேறொரு கணினியில் இணைத்தால், அதிலுள்ள குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வன்தட்டை எடுக்காமல் கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட்டால் இவையெல்லாம் கைவிட்டுப் போகும்; யார் கையில் சேரும் என்றும் சொல்ல முடியாது.

இவ்வளவு சோதனைகளுக்கும் விதி ஒன்றே. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். விளைவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று சொல்ல முடியாது. மின்பலகையே கெட்டிருந்தால் உங்களால் சரிசெய்ய இயலாது. அப்போதும் அந்தக் குறிப்பேட்டைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அவருடைய வேலையில் பாதியை நீங்களே முடித்திருப்பீர்கள்.