முதல் துப்பாக்கி

சென்ற ஆண்டு எனக்கு 21 வயது நிறைந்தது. அதே மாதத்தில், மதுராந்தகத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் தாத்தா காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் உண்டு. உரிமம் ஆளுக்கே உரியது. ஆள் போனபின் ஆயுதம் வீட்டில் இருப்பது குற்றம். மாமா அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, "வாரிசு என்ற முறையில் நீ வேண்டுமானால் மனுப் போடு" என்றார். வேட்டைக்கு முதல் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்று அன்று முதல் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ரைஃபிளின் குழலுக்குள் திருகுவரிகள் உண்டு. அது ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும். வேட்டைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஈய ரவைகளைத் தெளிக்கும். '12 போர்' என்பதன் பொருள் என்ன? குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அக்குழலின் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஆகவே 20 போர் என்பது 12 போரைவிடச் சிறியது! ரவைக்கும் இதே விதிதான்: எண் பெரிதானால் ரவை சிறிது.

குழல் முனையில் உள்ள சிறு குறுக்கத்தைச் 'சோக்' என்பர். 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து சுட்டால், குறுக்கமே இல்லாத குழல் நூற்றுக்கு நாற்பது ரவைகளையும், முழுச் சோக் எழுபதையும் அவ்வட்டத்துக்குள் சேர்க்கும். எனினும் புதியவருக்குக் குறுக்கம் குறைந்த குழலே ஏற்றது. பரவல் அகன்றிருப்பதால் சிறு பிழை பொறுக்கும். எல்லாவற்றினும் முதன்மையானது பொருத்தம். கட்டை தோளில் படிந்ததும் கண் தானாகவே குழலின் மேல் நேர்கோட்டில் அமைய வேண்டும். செருப்பைக் காலுக்குப் பார்த்து வாங்குவதுபோலத் துப்பாக்கியைத் தோளுக்குப் பார்த்து வாங்க வேண்டும். மடக்கித் திறக்கும் குழலில் தோட்டா இருப்பதும் இல்லாததும் பார்த்ததும் தெரியும். கற்பவருக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

இனி, சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் இயங்குவதால், நம் பகுதியினர் மனுச் செய்ய வேண்டிய இடம் அதுவே.

உரிமம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். எதைச் சுடுவது? இங்குதான் என் ஆராய்ச்சி முட்டி நின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில உயிரினங்களை உரிமத்தோடு வேட்டையாட இடம் தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. இன்று காடையோ கவுதாரியோ முயலோ, எதைச் சுட்டாலும் சிறைதான். துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது.

இது வெறும் சட்டத்தின் கண்டிப்பு அன்று. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேடந்தாங்கலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டுக் காப்பு உத்தரவு பெற்றனர். ஏரி நீரில் கலக்கும் பறவை எச்சம் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். குறி தப்பிய ரவையும் வீணே போவதில்லை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையைக் கல்லென்று விழுங்கும் வாத்து நஞ்சேறிச் சாகிறது. இதனால் அமெரிக்காவிலேயே 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மின்சார ரயிலும் மாடி வீடுகளும் நிறைந்த நம் புறநகரங்கள் நெருக்கி நிற்கின்றன. சிறு ரவைகூட இருநூறு மீட்டர் பாயும். இங்கே எந்தத் திசை ஆளில்லாத் திசை?

சுடும் கலையில் ஆர்வமுள்ளோர்க்கு வழி இல்லாமல் இல்லை. களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் 'டிராப்' போட்டிக்கும் இதே 12 போர்தான். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004இல் ஏதென்ஸில் இரட்டை டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். நம் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் பங்கேற்றார். கற்க விரும்புவோர் முதலில் துப்பாக்கி மன்றம் ஒன்றில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் பயின்று, பின்னரே சொந்தமாக வாங்குவது நலம்.

நான் மனுப் போடவில்லை. தாத்தாவின் துப்பாக்கி காவல் நிலையத்திலேயே இருக்கிறது. அவர் பன்றி விரட்ட வரப்பில் இரவெல்லாம் விழித்திருந்தவர். அவருக்கு அது கருவி. எனக்கோ அது சுவரில் மாட்டும் பெருமையாக மட்டுமே இருந்திருக்கும். தையில் ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, "அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்" என்றார். பிறகு இருவரும் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குச் சென்று நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.