கஜூர் ரோட்டில் ஒலித்த குரல்

புதுதில்லி: டிசம்பர் 25 என்றதும் தலைநகரின் அரசியல் வட்டாரங்களுக்கு நினைவுக்கு வருவது முன்னாள் பிரதமர் வாஜ்பாயின் பிறந்த நாள். தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் வழிபாடு. கடைவீதிகளில் பனியையும் பொருட்படுத்தாத கூட்டம். ஆனால் தில்லிவாசிகளில் ஒரு சாரார், பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்துவிட்டவர்கள், அந்த நாளில் வேறொருவரை நினைத்துக்கொள்கின்றனர். 2009-ஆம் ஆண்டு அதே நாளில்தான் 'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவின் பாடகரும் தபேலா கலைஞருமான அசீம் சக்ரவர்த்தி தில்லியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

அவர் மறைந்து ஒன்றரைப் பத்தாண்டு கடந்துவிட்டது. குழு இன்றும் மேடை ஏறுகிறது. புதிய பாடல்களை வெளியிடுகிறது. இருப்பினும் பழைய ரசிகர்கள் சந்தித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் ஒரு விவாதம் தவறாமல் தலைதூக்குகிறது. அசீம் இல்லாத இந்தியன் ஓஷன், இந்தியன் ஓஷன்தானா?

ராக் இசைக்குழு என்றதும் மனதில் தோன்றும் உருவத்துக்கும் அசீமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதித்தவர் அல்லர் அவர். கச்சேரிக்கு வந்த பக்கவாத்தியக்காரரைப் போல சம்மணமிட்டு அமர்ந்து, தபேலா வாசித்துக்கொண்டே பாடுவார். சுதி சேர்க்கப்பட்ட தபேலாக்களை வரிசையாக வைத்து வாசிக்கும் தபேலா தரங்கத்தை ராக் மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய கனத்த குரல் ஒலித்ததும் அரங்கம் அமைதியாகிவிடும் என்று அக்கால நிகழ்ச்சிகளைக் கேட்டவர்கள் கூறுகின்றனர்.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும் அசீமும் 1980-களின் நடுப்பகுதியிலிருந்தே சேர்ந்து வாசித்து வந்தனர். 1990-ல் குழுவுக்குப் பெயர் சூட்டப்பட்டது. பெயரைச் சொன்னவர் சுஷ்மித்தின் தந்தை. 1991-ல் ராகுல் ராமும், 1994-ல் டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாமும் இணைந்தனர். ரசிகர்கள் "அந்த நால்வர்" என்று இன்றும் குறிப்பிடுவது இந்த அணியைத்தான்.

அன்றைய தில்லிக் கல்லூரி விழாக்களில் ராக் என்றால் ஆங்கிலம் மட்டுமே. அயல்நாட்டுக் குழுக்களின் பாடல்களை அப்படியே வாசித்துக் காட்டுவதே திறமையின் அளவுகோலாக இருந்தது. அந்த மேடைகளில் இந்தியன் ஓஷன் ஹிந்தியில் பாடியது, கபீரைப் பாடியது, போஜ்புரியில் பாடியது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வாழ்ந்து மறைந்த கவிஞர் கோரக் பாண்டேயின் போராட்டப் பாடல் ஒன்றை ('ஹில்லே லே') இந்தக் குழுவின் வழியாகத்தான் நகர்ப்புற இளைஞர்கள் பலர் முதன்முதலாகக் கேட்டனர். இதை ராக் என்பதா, வேறு பெயரால் அழைப்பதா என்று விமர்சகர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

மண்டி ஹவுஸில் ஒரு புத்தாண்டு

குழுவின் முதல் தொகுப்பு 1993-ல் எச்.எம்.வி. நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் பெரிய நிறுவனம் எதுவும் குழுவைத் தேடி வரவில்லை. திருப்பம் நேர்ந்தது 1997 ஜனவரி 1 அன்று. வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி, 1989 புத்தாண்டு நாளில் சாஹிபாபாத் அருகே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவர் நினைவாக 'சஹ்மத்' அமைப்பு ஆண்டுதோறும் புத்தாண்டன்று நிகழ்ச்சி நடத்துவது தலைநகரின் வழக்கம். 1997-ல் மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த அந்த நிகழ்ச்சியில் குழு வாசித்தது அப்படியே ஒலிப்பதிவானது. குழுவினரே அதை 'டெசர்ட் ரெயின்' என்ற பெயரில் தொகுப்பாக வெளியிட்டனர். திரைப்படம் சாராத இந்திய இசைக்குழு ஒன்றின் நேரடி மேடைப் பதிவு தொகுப்பாக வெளிவருவது அன்று அபூர்வம்.

ஏறத்தாழ அதே காலத்தில் கரோல் பாகில் உள்ள பழைய பங்களா ஒன்று குழுவின் பயிற்சிக் கூடமாயிற்று. முகவரி: 16/330, கஜூர் ரோடு. தில்லித் தமிழர்களுக்குக் கரோல் பாகை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணிக்காக வந்த முந்தைய தலைமுறையினர் பலர் குடியிருந்த பகுதி அது. நகைக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கும் அந்தப் பகுதியில்தான் 'கண்டிசா' என்ற பாடலும் பயிற்சி செய்யப்பட்டது.

கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் வழங்கும் பழமையான துதி அது, மொழி அராமிக். ஏசுநாதர் பேசியதாகக் கருதப்படும் மொழி. அதைத் தபேலாவும் கிதாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடினார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்புக்கும் அதே பெயர். தலைநகரில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் நிறைந்த கூட்டம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் அந்தத் துதியைக் கூடவே பாடுவது வழக்கமாயிற்று. மத நல்லிணக்கம் குறித்து மைய மண்டபத்தில் ஆற்றப்படும் உரைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி சற்று வியப்பளிக்கக்கூடும்.

நர்மதையும் நீதிமன்றமும்

அதே தொகுப்பில் உள்ள 'மா ரேவா' நர்மதைப் பள்ளத்தாக்கின் மக்கள் பாடல். ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்ற ராகுல் ராம், ஆய்வுக்கூடத்தை நாடாமல் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றச் சென்றவர். அங்கிருந்து வந்தது இப்பாடல். இதில் அணை பற்றியோ அரசு பற்றியோ கண்டனம் கிடையாது; நதியைத் தாயாகப் போற்றுவது மட்டுமே.

தொகுப்பு வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்றுதான், சர்தார் சரோவர் அணைப் பணியைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் நீடித்த சச்சரவு அது. வழக்கின் ஆவணங்களைப் புரட்டியிராத இளைஞர்களுக்கு, அந்த நதிக்கரையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைத் தெரிவித்தது இப்பாடலே என்று ரசிகர்கள் பலர் நினைவுகூர்கின்றனர். 2017 செப்டம்பரில் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாடல் இன்றும் பாடப்படுகிறது.

நீதிமன்றம் குறுக்கிட்ட மற்றொரு கதையும் உண்டு. 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்பு பற்றி அனுராக் காஷ்யப் இயக்கிய 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு இக்குழு இசையமைத்தது. 2005 தொடக்கத்தில் வெளியாகவிருந்த படம், விசாரணையில் இருந்தவர்களின் மனுவின் பேரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. வழக்கின் தீர்ப்பு வரத் தொடங்கிய பின்னர், 2007 பிப்ரவரியில்தான் திரையரங்கை அடைந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாடலுக்கு அந்தத் தடை இல்லை. படத்தைக் காணாமலேயே அந்தப் பாடலை மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று வட இந்தியாவில் இருக்கிறது. வன்முறையின் வெறுமையைப் பற்றிய பாடல், தடை செய்யப்பட்ட படத்திலிருந்து விடுதிதோறும் பரவியது.

மாதம் ஒரு பாடல்

2009-ன் இறுதி மாதங்களில், வெளிநாட்டுப் பயணத்தின்போது தோஹாவில் அசீமுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அங்கே சிகிச்சை பெற்றுத் தேறித் தில்லி திரும்பினார். ரசிகர்கள் ஆறுதலடைந்திருந்த நேரத்தில், டிசம்பர் 25 அன்று இதயம் மீண்டும் அவரைக் கைவிட்டது.

அதற்குப் பின் நடந்தவையே இந்த ரசிகர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தவை. குழுவின் வாழ்க்கையைப் பற்றி ஜெய்தீப் வர்மா இயக்கிய 'லீவிங் ஹோம்' ஆவணப்படம் 2010 ஏப்ரலில் திரையரங்குகளில் வெளியானது. இந்தியாவில் ஆவணப்படம் ஒன்று கட்டணம் பெற்றுத் திரையரங்கில் ஓடுவதே அரிது. மறைந்து நான்கு மாதம்கூட முடியாத நிலையில், திரையில் அசீம் தம் கதையைத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார், சிரித்தார், பாடினார். எடுத்தபோது அது ஓர் இசைக்குழுவின் வரலாறு. வெளிவந்தபோது அஞ்சலியாகிவிட்டது. கலை, பண்பாட்டுப் பிரிவில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அடுத்து வந்தது, கரோல் பாக் பங்களாவின் முகவரியையே பெயராகக் கொண்ட '16/330 கஜூர் ரோடு' தொகுப்பு. அசீம் உயிருடன் இருந்தபோதே பதிவான பாடல்கள் அவை. இசை நிறுவனங்களின் நிபந்தனைகளில் சலிப்புற்றிருந்த குழு, தொகுப்பை விற்பதில்லை என்று முடிவெடுத்தது. மொத்தம் ஏழு பாடல்கள். 2010 ஜூலை முதல் மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. வணிகக் கணக்கில் பார்த்தால் துணிச்சல். ரசிகர்களின் கணக்கு வேறு. மறைந்தவரின் குரல், மாதந்தோறும் ஒரு புதிய பாடலாக வீட்டுக்கு வந்தது. ஏழாவது பாடலுக்குப் பிறகு இனி வராது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே இருக்கை, இரண்டு பேர்

அசீம் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப இருவர் தேவைப்பட்டனர். தபேலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2013-ல் சுஷ்மித் சென்னும் விலகினார். நிகில் ராவ் கிதாரை ஏற்றுக்கொண்டார். தொடங்கிய இருவரும் இல்லாத குழு எப்படி அதே பெயரைச் சுமக்கலாம் என்று கேட்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சுஷ்மித்தின் கிதாரும் அசீமின் தபேலாவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்த அந்த நெடிய வாசிப்பு, பழைய பதிவுகளுக்கு வெளியே இனிக் கேட்கக் கிடைக்காது.

மறுதரப்பினர் பின்னர் வந்த படைப்புகளைச் சுட்டிக்காட்டுகின்றனர். 2014-ல் வெளிவந்த 'தந்தானு' தொகுப்பில் விருந்தினர்களாகப் பலர் பங்கேற்றனர். வயலின் கலைஞர் குமரேஷ், கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷ் ஆகிய தமிழகக் கலைஞர்களும் அவர்களில் அடங்குவர். 2015-ல் 'மசான்' படத்துக்கு அமைத்த இசை, அசீமைக் கேட்டறியாத இளைஞர்களைக் குழுவுக்கு அழைத்து வந்தது. ராகுல் ராமோ, 'ஐஸி தைஸி டெமாக்ரஸி' என்ற நையாண்டி நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளைப் பாடலால் குத்தும் வேலையையும் சேர்த்துக்கொண்டார். கட்சி பேதமின்றி அதில் அடி விழுகிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகள் அவருக்குக் கருப்பொருள் வழங்குவதில் ஒருபோதும் குறை வைப்பதில்லை. 2023-ல் 'து ஹை' என்ற தொகுப்பும் வெளிவந்தது.

இந்த இரு தரப்பையும் ஒரே வரிசையில் அமர்த்துவது பழைய பாடல்கள்தான். மேடையில் எந்தப் புதுப்பாடல் ஒலித்தாலும், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து 'கண்டிசா' என்ற குரல் எழாமல் நிகழ்ச்சி முடிவதில்லை. குழுவும் அதைப் பெரும்பாலும் கடைசிக்கு வைத்திருக்கிறது. ஹிமான்ஷு பாடத் தொடங்குவார். இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்துவார்கள். அவர்களைப் பிள்ளைகளாகப் பெற்ற வயதினர் சிலர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, வேறொரு குரலைக் கேட்டபடி, பொருள் தெரியாத அந்த அராமிக் சொற்களை ஒன்றுவிடாமல் முணுமுணுப்பார்கள்.