லண்டன் விலையும் லயத்து அடுப்பும்



'உலகமயமாதல்' என்ற சொல் இன்று பலர் வாயில் அடிபடுகிறது. அது நேற்று முளைத்த சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். நாம் சீவும் பால்மரமே அதன் பிள்ளைதான்!

இம்மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டு விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. பால் வெட்ட ஆள் தேடினார்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள்.

உலகச் சந்தை கொடுத்ததும் உண்டு, பறித்ததும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும், நம்மவர் ஆயிரக்கணக்கில் தமிழகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1950-இல் கொரியப் போர் மூண்டதும் விலை கிடுகிடுவென ஏறியது. அப்போதுதான் தம் காதில் தங்கத்தோடு ஏறியதாக என் பாட்டி சொல்வார். எங்கோ சண்டை; இங்கே தோடு! விலை இறங்கியதும் அந்தத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அண்மையில் எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தை ஒருவர், "வெளிநாட்டுக்காரன் வாங்குவதால்தான் ஐயா என் வீட்டில் உலை கொதிக்கிறது" என்றார்.

பக்கத்தில் இருந்த தாய் விடவில்லை. "பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். பிறகு தோட்டத்தையே விற்றார்கள். முப்பது வருசம் உழைத்த எனக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லையே ஐயா!" என்றார்.

இருவர் சொல்வதும் உண்மை. ஒரு காலத்தில் ரப்பர் உற்பத்தியில் உலகிலேயே முதலிடத்தில் இருந்த மலேசியா, இன்று கையுறை செய்யத் தாய்லாந்திலிருந்து பால் வாங்குகிறது. காலம் மாறும், தொழிலும் மாறும். அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் இலாபம் கடல் கடந்து போக, நட்டம் மட்டும் லயத்தில் தங்குவது நியாயமா? தோட்டம் கைமாறும் முன்பே வீட்டையும் இழப்பீட்டையும் சங்கத்தின் வழியாக, ஒற்றுமையாக, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்று நம் பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசியையும் ஏளனமாகப் பார்க்காதீர்கள். நம் தாத்தா வந்த வழியில்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள்.

கையில் நாலு காசு புரளும்போதே பிள்ளைக்கு ஒரு தொழிற்கல்வி கொடுத்துவிடுங்கள். தோடு அடகுக்குப் போகும். கற்ற தொழில் போகாது.