ரமணர் வாழ்ந்த வீடுகள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பொறுப்பில் வெளியூர்களில் இரண்டு பழைய வீடுகள் இருக்கின்றன. ஒன்று, விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் ரமணர் 1879-ல் பிறந்த வீடு. அவர் தந்தை சுந்தரம் ஐயர் அங்கே வக்கீல். வீட்டின் ஒரு பகுதியை வந்துபோகும் விருந்தாளிகளுக்கென்றே ஒதுக்கியிருந்தாராம். 1892-ல் அவர் காலமானதும் குடும்பம் சிதறியது, பிறகு வீடும் கைமாறியது. இன்று அது சுந்தர மந்திரம்.

இன்னொன்று மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு அருகில். ரமணருடைய சித்தப்பாவின் வீடு. 1896-ல், மாடியிலுள்ள சின்ன அறையில்தான் அப்போது வெங்கடராமன் என்ற பெயரோடிருந்த பதினாறு வயது ரமணரை மரணபயம் பிடித்து உலுக்கியது. சில வாரங்களில் அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே அந்த வீடு இப்போது ரமண மந்திரமாக, தியானக் கூடமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இடத்தின் உரிமை பற்றி ரமணருக்கு அக்கறையே இருந்ததில்லை. திருவண்ணாமலையில் அவர் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்குக் கார்த்திகை சமயத்தில் வருவோரிடம், குகைக்கு உரிமை கொண்ட மடத்தார் காசு வாங்கினார்கள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. எழுந்து வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தார். மடத்தார் அந்த மரத்தடிக்கும் அப்பால் போய் வசூலித்தபோது வேறு குகைக்கே போய்விட்டார். அவர் இல்லாத குகைக்கு யார் காசு கொடுத்து வருவார்? வசூல் நின்றது, ரமணரும் திரும்பி வந்தார்.