மூலைக்கு முன் மண்

சாத்தூர்ப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாசலுக்கு எந்தத் திசை, கன்னிமூலையில் எந்த அறை என்பதைத்தான். இப்போது சீனத்து வாஸ்துவான ஃபெங் சுயியும் சேர்ந்துகொண்டது. வட சீனத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வீசும். அதனால் மலையை முதுகில் வைத்துத் தெற்குப் பார்த்துக் கட்டினார்கள். இங்கே அந்தக் குளிர் ஏது? இங்கே வீட்டைச் சோதிப்பது கரிசல் மண். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒரு மூலை மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மேலெழும்பி, ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக விரியும். சாஸ்திரப்படி ஈசானிய மூலையில் தரைத்தொட்டி வைப்பதில் தவறில்லை. அதை அஸ்திவாரத்தை ஒட்டி வைத்து, கசிவையும் கவனிக்காமல் விட்டால், ஈசானியம் என்பதற்காகக் கரிசல் சும்மா இருக்காது.

முன்னோர் சொன்னதெல்லாம் வீணா என்று கேட்பார்கள். இல்லை. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையே மனையில் குழி தோண்டி, அதே மண்ணால் நிரப்பி, மண் மிஞ்சுகிறதா குறைகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. கட்டி கட்டியாகப் பெயரும் கரிசலுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. ஆனாலும் மண்ணைச் சோதிக்காமல் மனையைத் தேர்ந்தெடுக்காதே என்ற அந்த எண்ணம் சரியானது. நாம் அதை விட்டுவிட்டு மூலைகளை மட்டும் பிடித்துக்கொண்டோம். மூலைகளிலும் எல்லாம் வீணில்லை. தென்கிழக்கு அக்னி மூலைச் சமையலறை இந்த ஊருக்கு ஒத்துவரும்: ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று புகையை வீட்டுக்குள் தள்ளாமல் கிழக்கே கொண்டுபோகும்.

மன நிம்மதிக்காக வாஸ்துப்படி மாற்றம் செய்வதில் என்ன நஷ்டம் என்பது அடுத்த கேள்வி. கட்டிலைத் திருப்பிப் போடுவதில் நஷ்டமில்லை. தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் பழைய வீட்டில், வாசலை மாற்றச் சுவரை உடைப்பது ஆபத்து. மேற்குப் பார்த்த மனை என்று கலங்கவும் வேண்டாம். அகலமான தாழ்வாரமும் ஒரு வேப்பமரமும் சாயங்கால வெயிலைத் தடுத்துவிடும். வாஸ்து பார்ப்பவரைக் கூப்பிடும் முன் மனையில் குழி தோண்டி, கரிசலுக்குக் கீழே சுக்கான் பாறை எத்தனை அடியில் வருகிறது என்று பாருங்கள். கரிசல் ஆழமாகப் போனால், பொறியாளரைக் கேட்டு, அடி அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரம் போடுங்கள். வாசலின் திசையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.