சவர்க்காரக் கரைசலும் மரக்கறிப் பயிரின் சாறுறிஞ்சும் பூச்சிகளும்



மிளகாய், கத்தரி, பயற்றை, வெண்டி ஆகிய பயிர்களின் தளிர்களில் அழுக்கணவனும் வெள்ளை ஈயும் கூட்டங்கூட்டமாகப் பற்றியிருந்து சாற்றை உறிஞ்சுவதை நீங்கள் நன்கு அறிவீர்கள். இவற்றை அழிப்பதற்குச் சவர்க்கார நீரைத் தெளிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. சிலர் இதனால் நல்ல பயன் பெறுகின்றனர். வேறு சிலரோ பூச்சி சாகவில்லை என்றும், இலை கருகிவிட்டது என்றும் முறையிடுகின்றனர். இரு சாராரும் கூறுவது உண்மையே. எதைக் கரைத்தார்கள், எந்த நீரிற் கரைத்தார்கள் என்பதிலேதான் வேறுபாடு உளது.

சவர்க்காரம் என்பது எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துக் காய்ச்சிப் பெறும் பொருளாகும். அவ்வாறு காய்ச்சும்போது எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் பிரிந்து காரத்துடன் கூடுகின்றன. சோடியக் காரத்தினாற் கட்டிச் சவர்க்காரமும், பொற்றாசியக் காரத்தினால் மென்மையான சவர்க்காரமும் கிடைக்கும். நமது தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதி இலோரிக் அமிலமாகும். குளிக்குஞ் சவர்க்காரம் நன்கு நுரைப்பதற்கு இதுவே காரணம். முகப்பூச்சுக்களிலும் தலைமுழுக்குத் திரவங்களிலும் இதன் வழிவந்த பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் ஒலேயிக் அமிலம் மிகுதியாக உண்டு. பூச்சிகளைக் கொல்வதில் இவ்விரு அமிலங்களின் சவர்க்காரங்களும் வல்லமை உடையன.

பூச்சியின் உடலை மெல்லிய மெழுகுப் படலமொன்று மூடியிருக்கிறது. வெறும் நீர் அதன்மீது ஒட்டாமல் உருண்டோடிவிடும். சவர்க்கார நீரோ அதன்மீது பரவி, மெழுகைக் குலைத்து, உட்புகுந்து உடற்கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கிறது. உடலின் ஈரம் கசிந்து பூச்சி உலர்ந்து மடிகிறது. இவையாவும் கரைசல் ஈரமாக உள்ளபோது மாத்திரமே நிகழும். உலர்ந்தபின் அதற்கு யாதொரு வலிமையும் இல்லை. ஆகையால் கரைசல் படாத பூச்சி சாகாது. அழுக்கணவனும் வெள்ளை ஈயின் குஞ்சுகளும் இலையின் அடிப்புறத்திலேயே தங்குவதனால், தெளிகருவியின் முனையை மேனோக்கித் திருப்பி அடிப்புறம் முற்றாக நனையும்படி தெளித்தல் வேண்டும். மேற்புறத்தை மாத்திரம் நனைப்பது வீண்வேலையே.

இனி நீரைப்பற்றிக் கூறவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. அங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீரிற் கல்சியம் மிகுதியாகக் கரைந்துள்ளது. அந்நீரில் துணி துவைக்கும்போது நுரை எழாமல் வெண்ணிறத் திரள் மிதப்பதைப் பெண்கள் நன்கறிவார்கள். கொழுப்பமிலம் கல்சியத்துடன் கூடி, நீரிற் கரையாத பொருளாக மாறியதே அத்திரளாகும். அதற்குப் பூச்சியைக் கொல்லும் வலிமை இல்லை. தெளிகருவியின் துவாரத்தை அடைப்பதற்கே அது உதவும்! பூச்சி சாகவில்லை என்று கூறுவோரிற் பலர் இத்தகைய நீரைப் பயன்படுத்தியவர்களே.

உங்கள் கிணற்று நீரை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தெளிவான கண்ணாடிப் போத்தலொன்றில் அரைவாசிக்கு நீரெடுத்து, சிறிதளவு சவர்க்காரச் சீவலை இட்டு நன்கு குலுக்குங்கள். நுரை நிலைத்து நின்றால் அந்நீர் ஏற்றது. நுரை உடனே அடங்கித் திரள் தோன்றினால் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துக. மழைநீர் இல்லாவிடின் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்த பகுதியை மாத்திரம் எடுத்து மீண்டும் சோதித்துப் பார்க்கவும். கொதித்தலினால் வன்மை முழுவதும் நீங்குமென்று கொள்ளவேண்டாம்.

கரைசல் தயாரிக்க, மணமும் நிறமும் மிகுதியாகச் சேர்க்கப்படாத சாதாரண கட்டிச் சவர்க்காரத்தில் 50 கிராம் நிறுத்து மெல்லியதாகச் சீவிக்கொள்க. ஒரு இலீற்றர் வெந்நீரில் அதைக் கரைத்து, ஆறியபின் துணியில் வடித்து, ஒன்பது இலீற்றர் மழைநீரில் மெதுவாகக் கலக்கவும். பூச்சி மிகுந்திருந்தால் 100 கிராம் வரை சேர்க்கலாம். அதற்கு மேற் செல்லவேண்டாம். தேங்காயெண்ணெயில் இலோரிக் அமிலத்தை விடக் குறுகிய அமிலங்களுஞ் சிறிதளவு உள. இத்தகைய குறுகிய அமிலங்கள் இலையைக் கருக்கும் இயல்புடையன. இவற்றையொத்த அமிலமொன்று சில நாடுகளில் களைநாசினியாகவே விற்கப்படுகிறது. எனவே முதலில் இரண்டு மூன்று செடிகளிற் தெளித்து, இரு நாட்கள் பொறுத்துப் பார்த்த பின்னரே தோட்டம் முழுவதற்குந் தெளிக்கவும். வெள்ளரியிலும் கோவாவிலும் கூடுதற் கவனம் தேவை. கோவா இலையின் இயற்கையான மெழுகைச் சவர்க்காரம் கரைத்துவிடும்.

சலவைத்தூளையும் பாத்திரங் கழுவுந் திரவத்தையும் பயன்படுத்தாதீர்கள். அவை உண்மையிற் சவர்க்காரம் அல்ல. வன்னீரிலும் அவை நுரைப்பதனால் வசதியாகத் தோன்றும். ஆயினும் அவற்றிற் சேர்ந்துள்ள உப்புக்களும் கடுங்காரமும் வெளிற்றும் பொருட்களும் பயிருக்கென அமைந்தவை அல்ல. பூப்பருவத்து மிளகாய்ச் செடி இவற்றாற் கருகிப் பூவுதிர்ந்தால் அந்தப் போகத்து வருமானத்தில் ஒரு பங்கு போனதுபோலத்தான். எண்ணெய், கொழுப்பமிலம் என்பன குறிப்பிடப்பட்டுள்ள கட்டியையே உறையைப் பார்த்து வாங்குக.

மாலையில் வெயில் தணிந்தபின் தெளிக்கவும். கரைசல் மெதுவாக உலர்வதனாற் பூச்சிமீது நீண்டநேரம் தங்கும், இலையுங் கருகாது. நீரின்றி வாடிய செடிக்கு முதலில் நீர்பாய்ச்சி, அது தேறியபின் தெளிக்கலாம். முட்டைகளில் எஞ்சியவை பொரிக்குமாதலால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மீண்டுந் தெளிக்க நேரிடும். செம்புச் சேர்ந்த பூஞ்சண நாசினியுடன் இதைக் கலத்தலாகாது. களைநாசினி தெளித்த கருவியாயின் பலமுறை கழுவாமல் எடுக்கவே வேண்டாம்.

காய்துளைக்கும் புழுவுக்கும் இலை தின்னும் வண்டுக்கும் இது பயன்தராது. நெல்வயலிற் கபிலநிறத் தத்திக்கு இதைத் தெளிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். தத்தி பயிரின் அடியில் மறைந்திருக்கும். பரந்த வயலில் ஒவ்வொரு தூரையும் நனைப்பது இயலாது. கரைசல் வயல்நீரிற் கலந்து தவளைக்கும் மீனுக்குந் தீங்கு செய்யும். ஆதலால் வேண்டாம்.

மிளகாயில் இலைச்சுருளல் பனிப்பூச்சியினாலும், சிற்றுண்ணியினாலும், வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோயினாலும் உண்டாகலாம். வைரசு பற்றிய செடியை எக்கரைசலுங் குணப்படுத்தாது. அதைப் பிடுங்கி அகற்றுவதே வழி. எதனாற் சுருண்டது என ஐயமிருந்தால், சுருண்ட தளிர்கள் சிலவற்றைக் கடதாசி உறையிலிட்டு, வாடுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடங் கொண்டுசென்று காட்டவும்.